புது பாயிண்ட் கார்டு தேறுவாரா? கூடைப்பந்து ரசிகர்களுக்கு 14 ஆச்சரியங்கள்!

வைகை அணைப் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே கொடைக்கானலுக்கோ கும்பக்கரை அருவிக்கோ வண்டியைத் திருப்புகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அணையிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரியகுளத்தில் கூடைப்பந்து ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசும் ரசிகர்கள் இருக்கிறார்கள்! மாம்பழ சீசன் உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில், இந்தியாவின் பெரிய பெரிய அணிகள் இந்தச் சின்ன ஊருக்கு வந்து இறங்குகின்றன. அந்த அணிகளில், ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாகப் புதுமுகம் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தால் போதும், பார்வையாளர் வரிசையில் பேச்சு கிளம்பிவிடும். “யாருண்ணே இந்தத் தம்பி? நல்லா பாஸ் போடுறாப்ல!” “பாஸ் சரிதான்… ஷூட் இல்லையே!” “பொறு, இன்னும் ரெண்டு மேட்ச் போகட்டும்.”

அந்த மூன்றாவது குரல்தான் விவரமான குரல். ஏன் என்று கேட்கிறீர்களா? இதோ, வரிசையாக வியந்துகொண்டே வாருங்கள்!

1. பெரியகுளத்துப் போட்டியின் வயது தெரியுமா?

சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பை அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி, அறுபதாவது ஆண்டையும் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது! கிரிக்கெட் நாட்டையே விழுங்கிய காலத்திலும் ஒரு நகராட்சி ஊர் கூடைப்பந்தைக் கைவிடவில்லை என்றால், அது எத்தனை பெரிய சாதனை! தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையும் ஒரே போட்டியைப் பார்த்து வளர்ந்திருக்கலாம். இதோடு கரூரில் ஒரு போட்டி, கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை என்று தமிழ்நாட்டின் கோடைக்காலமே கூடைப்பந்துக் காலம்தான்.

2. இந்தியாவில் ‘தொழில்முறை’ ஆட்டக்காரர் எப்படி உருவாகிறார், தெரியுமா?

அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தம். இங்கே? விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலை உத்தரவு! இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., ராணுவம், கடற்படை, கேரள மின்வாரியம்… கல்லூரி அணியில் நேற்றுவரை ஆடிய பையன், இன்று இப்படியொரு நிறுவனத்தின் பனியனை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்குகிறார். எதிரே நிற்பவர்களோ பத்து ஆண்டு அனுபவமுள்ளவர்கள், இந்தியாவுக்கே ஆடியவர்கள். அவருடைய முதல் சில ஆட்டங்களில் ஒன்று பெரியகுளத்து மக்கள் கண்முன்னால் நடக்கக்கூடும். அந்த ஆட்டங்களில் பையன் தடுமாறினால் அதில் அதிசயமே இல்லை!

3. கூடைப்பந்தின் முதல் ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே முடியாது, தெரியுமா?

1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி, கால்பந்து ஒன்றைக் கையில் கொடுத்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்தைப் பிடித்தவர் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும், ஓடக் கூடாது! பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் டிரிப்ளிங் என்பதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது. அந்த முதல் ஆட்டத்தின் ஸ்கோர் என்ன தெரியுமா? 1-0! ஆக, இந்த விளையாட்டு பிறந்ததே பாஸில்தான். புதுப் பையன் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போனால் கைதட்டுகிறோம். ஒரே பாஸில் அந்த மூன்று பேரையும் வேலையற்றவர்கள் ஆக்கினால் அதைவிட ஓங்கித் தட்ட வேண்டாமா?

4. அந்த ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சென்னைக்கு நேர்க்கோடு இருக்கிறது, தெரியுமா?

கூடைப்பந்து பிறந்த அதே கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்! அங்கே பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார்கள். தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் கிரிக்கெட் ஆடுகளம் இல்லாவிட்டாலும் கூடைப்பந்துக் கம்பம் நிற்பதற்கு அந்த ஆசிரியர்கள் ஒரு பெரிய காரணம். பி.டி. வாத்தியாருக்கு நாம் பட்ட கடன் கொஞ்சமா!

5. 24 வினாடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது, தெரியுமா?

1950 நவம்பர் 22. ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19-18 என்று தோற்கடித்தது. 48 நிமிட ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து 37 புள்ளி! பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைப் போக்கினால் வேறென்ன நடக்கும்? ரசிகர்கள் நொந்துபோனார்கள். சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகிறார்கள். 48 நிமிடம் என்றால் 2,880 வினாடி. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால்… 24! 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று 1954-இல் வந்த அந்த விதி இன்று பெரியகுளம் வரைக்கும் ஆள்கிறது. இந்த 24 வினாடியில் முதல் 8 வினாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். அந்தக் கடிகாரத்தை மண்டைக்குள் ஓடவிட்டுக்கொண்டே ஆட வேண்டியவர் யார்? பாயிண்ட் கார்டுதான்!

6. வைகை அணையும் ஒரு பாயிண்ட் கார்டுதான், தெரியுமா?

1959-இல் திறக்கப்பட்ட அணை. உயரம் 111 அடி, நீர் தேக்குவது 71 அடி. முல்லைப்பெரியாற்று நீரும் மூல வைகையும் சேர்ந்து இங்கே வந்து நிற்கின்றன. ஆனால் விவசாயி அணையைப் பாராட்டுவது எப்போது? உரிய நேரத்தில், உரிய பக்கம், உரிய அளவு திறந்துவிடும்போது! இருபோகத்துக்கு இத்தனை நாள், மேலூர் ஒருபோகத்துக்கு இத்தனை நாள், 58 கிராமக் கால்வாய்க்கு எப்போது, ராமநாதபுரம் கடைமடைக்கு எவ்வளவு என்று முறை வைத்துப் பங்கிடுவதில்தான் தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களின் பிழைப்பு இருக்கிறது. பாயிண்ட் கார்டின் வேலையும் அதேதான். கையில் வரும் பந்தை, இந்த நொடியில் யாருக்குத் திறந்துவிட வேண்டும் என்ற முடிவு! எத்தனை புள்ளி எடுத்தார் என்று மட்டும் பார்த்து அவரை எடைபோடுவது, நீர்மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் போனதா என்று கேட்காமலே இருப்பதற்குச் சமம்.

7. முதல் மேட்சில் பத்து முறை பந்தைப் பறிகொடுத்தவர் என்ன ஆனார், தெரியுமா?

2024 மே 14. அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் கெய்ட்லின் கிளார்க்கின் முதல் ஆட்டம். இந்தியானா ஃபீவர் அணியின் புது பாயிண்ட் கார்டு. எடுத்த புள்ளி 20. பறிகொடுத்த பந்து… 10! அறிமுக ஆட்டத்தில் அந்த லீக் அதுவரை காணாத எண்ணிக்கை. “கல்லூரியில் ஆடியது வேறு, இது வேறு” என்று பலரும் தலையாட்டினார்கள். இரண்டே மாதம்! ஜூலை 17-இல் ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட் (தோழர் கூடையில் போட வழிவகுத்த பாஸ்) போட்டு லீக் சாதனை படைத்தார். சீசன் முடிவில் 337 அசிஸ்ட், அதுவும் சாதனை! சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே. இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள்: ஒரு சீசனில் அதிக டர்ன்-ஓவர் (பந்தைப் பறிகொடுத்தல்) என்ற சாதனையும் அதே ஆண்டில் அவர் பேரில்தான் பதிவானது! துணிந்து பாஸ் போடுகிறவர் கையிலிருந்துதான் பந்து தவறும். ஆகவே நம் ஊரில் ஆடும் புதுப் பையன் பந்தைத் தொலைத்தால், எத்தனை முறை தொலைத்தார் என்பதோடு எதை முயன்று தொலைத்தார் என்பதையும் பாருங்கள். திறப்பைக் கண்டு எறிந்த பந்து ஒரு விரல்கடை தள்ளிப் போனால் பயிற்சி அதைச் சரிசெய்துவிடும். திறப்பையே காணாமல் எறிந்தால்தான் கவலை.

8. உலக சாம்பியனை முதல் நாளே வீழ்த்தியவர் கதை தெரியுமா?

இப்போது தலைகீழ்க் கதை! 2013 அக்டோபர் 30. ஃபிலடெல்ஃபியா அணியின் புது பாயிண்ட் கார்டு மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ். எதிரே லெப்ரான் ஜேம்ஸின் நடப்பு சாம்பியன் மயாமி ஹீட். 22 புள்ளி, 12 அசிஸ்ட், 7 ரீபவுண்ட், 9 ஸ்டீல்! அறிமுக ஆட்டத்தில் 9 ஸ்டீல் என்பது அமெரிக்க ஆண்கள் லீக்கான என்.பி.ஏ.வில் சாதனை. அணியும் ஜெயித்தது. ஆண்டு முடிவில் சிறந்த புதுமுகம் விருதும் வந்தது. ஆனால் அடுத்த சீசன் முடிவதற்குள் அணி அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டது. நட்சத்திரம் என்ற இடத்தை அவர் எட்டவே இல்லை. என்ன நடந்தது? அந்தப் புதுமுக ஆண்டில் ஃபிலடெல்ஃபியா தொடர்ச்சியாக 26 ஆட்டங்கள் தோற்ற அணி. மின்னல் வேகத்தில் ஆடியது, பந்து எப்போதும் இவர் கையிலேயே இருந்தது. வேகமும் வாய்ப்பும் கூடினால் எண்களும் தானாகக் கூடும்! தூரத்திலிருந்து எறிவதில் இருந்த குறையோ அப்படியே நின்றுவிட்டது.

9. 55 புள்ளி அடித்த புதுமுகத்துக்கு எதிரணியில் நின்ற இன்னொரு புதுமுகம் யார், தெரியுமா?

2009 நவம்பர் 14. மில்வாக்கி அணியின் இருபது வயது பிராண்டன் ஜென்னிங்ஸ், தன்னுடைய ஏழாவது ஆட்டத்திலேயே 55 புள்ளி குவித்தார்! ஊரே திருவிழா. எதிரணி கோல்டன் ஸ்டேட். அந்த அணியில் ஒல்லியாக, குழந்தை முகத்தோடு இன்னொரு புதுமுகம். அவர்தான்… ஸ்டீஃபன் கரி! அந்த இரவில் இரண்டு பேரில் யாரை எடுப்பாய் என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் கரியைக் காட்டியிருப்பார்கள்? அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதுகூட இருவருக்கும் போகவில்லை; டைரீக் எவன்ஸ் தட்டிச் சென்றார். பிறகு கரி நான்கு முறை சாம்பியன், இரண்டு முறை லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர். ஜென்னிங்ஸ் ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆகவில்லை!

10. சொந்த அணியின் ரசிகர்களே ‘வேண்டாம்’ என்று கூச்சலிட்ட பாயிண்ட் கார்டு யார், தெரியுமா?

ஸ்டீவ் நாஷ்! 1996-இல் ஃபீனிக்ஸ் அணி அவரை 15-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்ததும் அந்த அணியின் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். முதல் ஆண்டில் அவர் சராசரி ஆட்டத்துக்கு 3.3 புள்ளி. அதே நாஷ், அதே ஃபீனிக்ஸ் பனியனில், 2005-லும் 2006-லும் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்! ஜான் ஸ்டாக்டன் கதையும் அப்படித்தான். 1984-இல் 16-ஆவது ஆளாக யூட்டா அணிக்கு வந்தவர், முதல் ஆண்டில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்துதான் எழுந்து வந்தார். ஒரே அணிக்கு 19 சீசன் ஆடி ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 15,806 அசிஸ்ட், 3,265 ஸ்டீல். இரண்டும் இன்றுவரை யாரும் தொடாத சாதனை! பாயிண்ட் கார்டு என்பது மெதுவாகக் கனிகிற பழம். தன் வேலையோடு மற்ற நான்கு பேரின் வேலையையும் மனப்பாடம் செய்ய வேண்டியவர் அவர் ஒருவர்தானே!

11. பாயிண்ட் கார்டு ஒருவர் நடு ஆளாக நின்று கோப்பை வென்றது தெரியுமா?

மெதுவாகக் கனியும் என்ற விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. 1980 மே 16, என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். லேக்கர்ஸ் அணியின் நெடுமரம் கரீம் அப்துல்-ஜப்பார் கணுக்கால் காயத்தால் வரவில்லை. இருபது வயதுப் புதுமுகம் மேஜிக் ஜான்சன், பாயிண்ட் கார்டு, சென்டர் இடத்தில் போய் நின்றார்! 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். கோப்பை லேக்கர்ஸுக்கு! இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது வென்ற ஒரே புதுமுகம் இன்றும் அவர்தான். ஆனால் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம்? லேரி பேர்டு! வழக்கமான சீசன் ஆட்டங்களை வைத்துத்தான் அந்த விருது. மே மாதத்து மந்திரம் அதில் சேரவே இல்லை.

12. 25 எறிதல்களை நம்பி ஒருவரை எடைபோட முடியாது, தெரியுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்! ஒரு பையன் உண்மையிலேயே நூற்றுக்கு 36 த்ரீ பாயிண்டர் போடும் திறமைக்காரர் என்று வையுங்கள். நல்ல எண்தான். ஐந்து ஆட்டம், ஆட்டத்துக்கு ஐந்து எறிதல், மொத்தம் 25. சராசரிப்படி 9 விழ வேண்டும். ஆனால் வெறும் தற்செயலாலேயே அது 7 ஆகவும் குறையலாம், 11 ஆகவும் கூடலாம். 25-இல் 7 என்றால் 28 சதவீதம். “இவனுக்கு ஷூட்டே இல்ல!” 25-இல் 11 என்றால் 44 சதவீதம். “அடுத்த கரி இவன்தான்!” இரண்டும் ஒரே பையன், ஒரே கை, ஒரே திறமை! நான்கு பந்து வளையத்தில் பட்டு உள்ளே போனதா வெளியே போனதா என்பதுதான் வித்தியாசம். அதனால் ஆரம்ப ஆட்டங்களில் ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துக் கவனியுங்கள். யாரும் தடுக்காத, எப்போதும் ஒரே தூரத்து எறிதல் அது. கையின் ஒழுங்கு அங்கே பளிச்சென்று தெரியும்.

13. உயரம் குறைவு ஒரு தடையே இல்லை, தெரியுமா?

மக்ஸி போக்ஸ்! உயரம் 5 அடி 3 அங்குலம். தேனி பேருந்து நிலையத்தில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் 1987-இல் தொடங்கி 14 சீசன் என்.பி.ஏ.வில் ஆடினார், அதுவும் பாயிண்ட் கார்டாக! முதல் ஆண்டு அவருடைய அணித்தோழர் மனுட் போல், 7 அடி 7 அங்குலம்! 2015-இல் என்.பி.ஏ.வுக்குத் தேர்வான முதல் இந்தியர் பஞ்சாபின் சத்னாம் சிங், ஏழடியைத் தாண்டிய உயரக்காரர். அப்படி ஒரு உடம்பு லட்சத்தில் ஒருவருக்குக்கூட வாய்க்காது. ஆனால் பாயிண்ட் கார்டின் கண்ணும் கையும் பயிற்சியால் வாய்க்கும். வாரணாசியின் கார்டு ஆட்டக்காரர் விசேஷ் பிருகுவன்ஷி இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார், 2017-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு 36-அர்ஸ் அணி அவரை எடுத்தது, 2020-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். நம் தமிழ்நாட்டின் கார்டு முயின் பேக் ஹபீஸ் இந்திய அணியில் ஆடுகிறார். 2022-இல் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் ஆண்கள் பட்டம் தமிழ்நாட்டுக்கு! இந்திய தேசியக் கூடைப்பந்து லீக்கின் முதல் ஐவர் ஆட்டப் பட்டமும் சென்னை ஹீட் அணிக்கே! பெண்கள் பக்கம் பார்த்தால், 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவியான சென்னையின் அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ! 19 வயதில் அவரை நம்பி அணியை ஒப்படைத்தார்களே, அந்த நம்பிக்கையைச் சொல்லுங்கள்!

14. அதிகாரப்பூர்வ ஸ்கோர் ஷீட்டில் அசிஸ்ட் பதிவாவதே இல்லை, தெரியுமா?

இருப்பதிலேயே பெரிய ஆச்சரியம் இதுதான்! மேசையில் உட்கார்ந்து எழுதும் அதிகாரப்பூர்வ ஸ்கோர் ஷீட்டில் என்ன இருக்கும்? யார் எத்தனை புள்ளி, யார் எத்தனை ஃபவுல், எத்தனை டைம் அவுட். அவ்வளவுதான்! அசிஸ்ட்டுக்கு அதில் கட்டமே கிடையாது. அமெரிக்காவின் என்.பி.ஏ.வே ஸ்டீலை எண்ணத் தொடங்கியது 1973-74-இல். டர்ன்-ஓவரை ஆட்டக்காரர் வாரியாக எண்ணியது 1977-78-இல்! தனிப் புள்ளிவிவரக் குழு இருந்தால்தான் அசிஸ்ட் கணக்கில் ஏறும். அப்போதும் அது ஒரு மனிதரின் தீர்ப்பு. அருமையான பாஸ் போட்டு, வாங்கியவர் கூடையைத் தவறவிட்டால் அசிஸ்ட் இல்லை. பாஸுக்கு முந்தைய பாஸ் அசிஸ்ட் கணக்கில் சேராது. டிஃபென்ஸை ஒரு பக்கம் இழுத்து இன்னொரு பக்கத்தைக் காலியாக்கினாரே, அதற்கும் எண் இல்லை. அப்படியானால் புள்ளிவிவரக் குழு இல்லாத நம் ஊர்ப் போட்டிகளில் புது பாயிண்ட் கார்டின் உண்மையான வேலைக்கு யார் சாட்சி? பார்வையாளர்கள்தான்! நீங்கள் கவனித்தால் உண்டு, கவனிக்காவிட்டால் அது நடந்ததற்குத் தடயமே இல்லை!

சரி, எதையெல்லாம் கவனிப்பது?

பந்தைத் தட்டும்போது கண் எங்கே இருக்கிறது? பந்தின் மேல் என்றால் இன்னும் காலம் வேண்டும்; நான்கு தோழர்கள் மேல் என்றால் கவனியுங்கள், சரக்கு இருக்கிறது. இடது கையால் தட்டிக்கொண்டு போகிறாரா, எப்போதும் வலது பக்கமே போகிறாரா? எதிரணி முழுக் கோர்ட்டிலும் பிரஸ் போட்டு இரண்டு பேர் மேலே விழும்போது பதறித் தூக்கி எறிகிறாரா, நின்று பார்த்துப் போடுகிறாரா? ஒரு தவறு செய்த உடனே அடுத்த பந்தை ‘எனக்குக் கொடு’ என்று கேட்கிறாரா, ஒதுங்கி நிற்கிறாரா? டிஃபென்ஸில் தன் ஆளை விடாமல் நிற்கிறாரா? கடைசி இரண்டு நிமிடத்தில் கோச் அவரைக் களத்தில் வைத்திருக்கிறாரா? கடைசியாக, மிக முக்கியமாக: அவர் உள்ளே இருக்கும்போது மற்ற நான்கு பேரின் ஆட்டம் ஏறுகிறதா?

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில், அவர் கொடுத்துத் தோழர் கூடையில் போட்டவை. இரண்டாவதில், அவர் கொடுத்துத் தோழர் தவறவிட்டவை. மூன்றாவதில், அவர் தொலைத்த பந்துகள், பக்கத்தில் ‘கண்டு எறிந்தது’ அல்லது ‘காணாமல் எறிந்தது’ என்று ஒரு சொல். ஒரு போட்டி முழுக்க எழுதுங்கள். பக்கத்தில் வந்து உட்காரும் பள்ளிப் பையனுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே ஆட்டக்காரர் வந்தால் அதே நோட்டில் தொடர்ந்து எழுதுங்கள், இரண்டு ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு ஆட்டத்தில் முடிவு கட்டியவர்கள் கரியைத் தவறவிட்டார்கள், ஒரே இரவில் முடிவு கட்டியவர்கள் நாஷைக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த அநியாயம் நடக்க வேண்டாம். இருபது ஆட்டம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், தேறுவாரா இல்லையா என்று!